புதன்கிழமை வரும் பெட்டி

அடம்பன், மன்னார்
08.09.2024

அன்பின் அண்ணைக்கு,

நானும் மகள் அனுஜாவும் சுகம். உங்கள் சுகத்தைத்தான் இந்த இரண்டு கிழமையாக மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏன் என்று சொல்கிறேன், இருந்து வாசியுங்கள்.

உங்கள் கடையில் மரக்கறி அடுக்கும் ஜெயரட்ணத்தின் தமக்கை எங்கள் கோயிலுக்குத்தான் வருகிறா. பூசை முடிந்து வெளியே வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா: "உன்ரை கொண்ணை பெட்டிக்கு ஓடர் குடுத்திட்டு நிக்கிறாராம். வர இன்னும் கன நாள் செல்லுமாம்."

பெட்டி என்றால் நான் வேறு என்னத்தை நினைக்கிறது? ஐம்பத்தொன்பது வயது மனிசன் ஏதோ வருத்தத்தை எங்களுக்கு மறைத்து, தனக்குத் தானே சவப்பெட்டி சொல்லி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. பங்குச் சுவாமியிடம் போய் உங்கள் பேரில் ஒரு பூசை கேட்டேன். உயிரோடு இருக்கிறவருக்கா, செத்தவருக்கா என்று கேட்டார். "இன்னும் இல்லைச் சுவாமி, பெட்டி வரேல்லை" என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

பிறகு அனுஜா மச்சாளிடம் விசாரித்துப் படம் ஒன்று எடுத்துக் காட்டினாள். வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன வீடு. கதவு, ஜன்னல், திரைச்சீலை, கீழே இரண்டு சில்லு. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறதாம். பூசை வீணாய்ப் போகவில்லை, உங்கள் புத்திக்காக ஒப்புக்கொடுத்ததாக இருக்கட்டும்.

ஒரு தொலைபேசி எடுத்துக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். உங்களோடு நான் தொலைபேசியில் கதைக்கிறதில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஏன் என்றும் தெரியும்.

மச்சாளின் முழங்கால் வலி எப்படி என்று எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி,
றஜனி


லா சப்பல், பாரிஸ்
30.09.2024

அன்புத் தங்கச்சி றஜனிக்கு,

கடவுள் கிருபையால் உயிரோடுதான் இருக்கிறேன். உன் கடிதத்தைக் கடையில் வைத்து வாசித்தேன். ஜெயரட்ணத்தைக் கூப்பிட்டுக் கிழித்தேன். அவன் வன்னியில் உழவு இயந்திரம் ஓட்டினவன். கொழுக்கியில் மாட்டி இழுக்கிற எல்லாம் அவனுக்குப் பெட்டிதான். இஞ்சை அதுக்குக் கரவான் என்று பேர். ஆனால் அவன் சொல்லிச் சொல்லி இப்போது லா சப்பல் முழுக்க, "வின்சன்ற் அண்ணை, பெட்டி வந்திட்டுதோ?" என்றுதான் கேட்கிறார்கள். மீன் வாங்க வருகிற சனம் மீனின் விலையைக் கேட்பதற்கு முதல் அதைக் கேட்கிறது.

ஏன் ஓடர் கொடுத்தேன் என்று கேட்காமலே ஏசுகிறாய். செய்து வைத்த கரவான்கள் முற்றம் நிறைய நிற்கின்றன. அதில் ஒன்றிலும் உன் மச்சாள் மேரிறோஸ் ஏற முடியாது. படி உயரம். கதவு ஒடுக்கம். மற்றது, உள்ளே மீன் பொரித்தால் மூன்று மாதத்துக்கு மணம் போகாது. அதனால் தாழ்ந்த படி, அகலக் கதவு, அடுப்பு வெளிப்பக்கம் என்று தொழிற்சாலையிலேயே சொல்லிச் செய்விக்கிறேன். தியரி என்று ஒரு முகவர், பாரிசுக்கு வடக்கே ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருக்கிறான். நவம்பர் கடைசியில் கையில் தருவதாகச் சொல்லியிருக்கிறான். வருகிற ஓகஸ்ட் பதினைந்துக்கு லூர்து மாதாவிடம் அதில்தான் போவோம். மகன் அலெக்சிஸ் காருக்குக் கொழுக்கியும் பூட்டிவிட்டான்.

முப்பத்தொரு வருடம் ஐஸ் தண்ணீருக்குள் நின்று மீன் வெட்டியிருக்கிறேன். விரல் நுனியில் உணர்ச்சி இல்லை. ஒரு கிழமை சில்லு வைத்த வீட்டில் படுக்க எனக்கு உரிமை இல்லையா?

மச்சாளின் முழங்கால் அப்படியேதான். உலகமே கைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கிறது. நீ மட்டும் முத்திரை ஒட்டுகிறாய். சரி, எழுது. கடை விலாசத்துக்கே எழுது. லா கூர்னெவில் எங்கள் கட்டடத்துத் தபால் பெட்டிகளை மறுபடியும் உடைத்துவிட்டார்கள்.

அண்ணன்,
வின்சன்ற்


அடம்பன்
27.10.2024

அன்பின் அண்ணைக்கு,

மழை தொடங்கிவிட்டது. எங்களுக்குத் தடிமனைத் தவிர வேறு குறை இல்லை. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், கழுத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள்.

உரிமையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் பெட்டியில் இருந்தவள்தான் அண்ணை. 2008 ஆவணியிலிருந்து ஐந்து மாதம், செல்லடிக்கு ஓடி ஓடி. பக்கத்து வீட்டாரின் உழவு இயந்திரப் பெட்டியில் பாதி அவர்களுக்கு, பாதி எங்களுக்கு. எங்கள் பாதியில் அம்மா, நான், ஏழு வயது அனுஜா, தம்பி யூலியன், இரண்டு மூட்டை நெல், ஒரு தையல் மெசின். மேலே தறப்பாள். ஓர் இடத்தில் இறக்குவோம், பிறகு ஏற்றுவோம். ஏழு தரம் ஏற்றி இறக்கினோம். உங்கள் படத்தில் ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்டிருக்கிறது. எங்களுக்கு ஜன்னல் இருக்கவில்லை. டீசல் முடிந்தபோது அந்தப் பெட்டியை வீதியோரம் விட்டுவிட்டு இறங்கினோம்.

காசு கொடுத்து அதே மாதிரி ஒன்றில் போய்ப் படுக்க ஒருவருக்கு ஆசை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அதைத்தான் ஏசினேன், உங்கள் உரிமையை அல்ல.

சரி. நான் எழுத வந்தது வேறு. சனவரி 31 தம்பியின் பதினாறாம் வருடப் பூசை. ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன், நீங்களும் ஒவ்வொரு காரணம் எழுதுகிறீர்கள். ஒரு வருடம் கடவுச்சீட்டு, ஒரு வருடம் முதலாளி, ஒரு வருடம் மச்சாளின் முழங்கால். பெட்டி நவம்பரில் வந்துவிடும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தையில் உங்களுக்கு ஒரு வேலையும் இருக்காது. வாருங்கள். தம்பிக்காக வந்து கோயில் வாங்கில் என் பக்கத்தில் ஒருமுறை இருங்கள்.

அனுஜா மாமாவுக்கு அன்பு சொல்லச் சொன்னாள்.

றஜனி


லா சப்பல்
01.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் தடிமன் மாறியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம் என்று எழுதினால் பொய்.

நேற்றுச் சனிக்கிழமை பெட்டி வருவதாக இருந்தது. தியரி கிழமை தொடக்கத்திலேயே தொலைபேசி எடுத்துச் சொன்னான். நான் கொன்ஜே எடுத்தேன். வருடத்தில் இரண்டே கிழமை தருகிற லீவில் ஒரு நாள். கட்டடத்துக் கார் தரிப்பிடத்தில் வைத்து மந்திரிக்கச் சுவாமியைக் கூட்டி வந்தோம். மேரிறோஸ் நூறு வடை சுட்டாள். ஸ்தேனிலிருந்தும் செவ்ரானிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். காலையில் நானும் அலெக்சிசும் கொழுக்கியோடு தியரியின் முற்றத்துக்குப் போனால், அவன் கோப்பியைக் குடித்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடி தொழிற்சாலைக்கு வரவில்லை என்கிறான். வேறு ஒரு கரவானைக் காட்டி, உங்களுடையதும் இப்படித்தான் இருக்கும் என்கிறான்.

திரும்பி வந்தோம். சுவாமி தீர்த்தத்தோடு நிற்கிறார். மந்திரிக்க ஒன்றுமில்லை. கடைசியில் காரின் கொழுக்கியை மந்திரித்தார். வந்த சனம் வடையைத் தின்றுவிட்டு, வெறும் கொழுக்கியைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டு போனது. இன்று கடையில் என்னைக் "கொழுக்கி வின்சன்ற்" என்கிறார்கள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன், இல்லாவிட்டால் யாரையாவது வெட்டியிருப்பேன்.

இப்போது புதுத் திகதி தந்திருக்கிறான். சனவரி 29, புதன்கிழமை. புதன்கிழமை கட்டாயம் வரும் என்று என் கையைப் பிடித்துச் சொன்னான். அன்று நான் நின்று கையெழுத்து வைக்காவிட்டால் அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

ஆகவே தம்பியின் பூசைக்கு இந்த முறையும் வர ஏலாது. கோவிக்காதே. என் பேரில் ஒரு மெழுகுதிரி கொளுத்து.

வின்சன்ற்


அடம்பன்
05.01.2025

அண்ணைக்கு,

புது வருடத்துக்கு ஆசீர் கேட்டு மன்றாடினோம். சுகமாக இருக்கிறோம்.

புதன்கிழமை கட்டாயம் வரும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் கடிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். அனுஜா எடுத்து வாசித்துவிட்டு, "அம்மா, மாமாவுக்கு ஞாபகமே இல்லையா?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

காத்திருங்கள். பூசைக்கு வர வேண்டாம். மெழுகுதிரி கொளுத்தமாட்டேன். அதை நீங்கள் வந்து கொளுத்துங்கள்.

றஜனி


லா சப்பல்
12.02.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நீயும் பிள்ளையும் நலமாக இருங்கள். எனக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டது, வைத்தியர் உப்பை நிற்பாட்டச் சொல்லியிருக்கிறார். உப்பு இல்லை காரணம், தியரி.

கேள். 27ஆம் திகதி திங்கட்கிழமை தொலைபேசி எடுக்கிறான். பெட்டி தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டுவிட்டது, கமியோன் லொறியில் ஏற்றியாயிற்று, புதன்கிழமை இங்கே நிற்கும் என்கிறான். புதன் விடிய நானும் அலெக்சிசும் அவன் முற்றத்தில் நிற்கிறோம். பனி கொட்டுகிறது. பின்னேரம் வரைக்கும் கமியோன் இல்லை. நாளைக்கு வரும் என்கிறான். வியாழன் நின்றோம். வெள்ளியும் நின்றோம். அலெக்சிஸ் பிரெஞ்சிலேயே என்னை ஏசிவிட்டுக் காருக்குள் போய்ப் படுத்துவிட்டான். எனக்குப் போக மனமில்லை. நான் போன பிறகு வந்துவிட்டால்?

வெள்ளி பின்னேரம் தியரியின் கந்தோரில் இருக்கிற நதாலி என்ற பெண் பிள்ளை, பாவம் பார்த்துத் தொழிற்சாலைக்கு நேரே தொலைபேசி அடித்தாள். என்ன சொன்னார்கள் தெரியுமா? பெட்டியைச் செய்யவே தொடங்கவில்லையாம். சட்டம்கூட வெட்டவில்லையாம். கமியோனும் இல்லை, கண்ணாடியும் இல்லை. திங்கட்கிழமை தியரி தொழிற்சாலைக்கு அடித்திருக்கிறான். அவர்கள் பார்த்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். அவ்வளவுதான். அதை இவன், புறப்பட்டுவிட்டது என்று எனக்குச் சொல்லியிருக்கிறான்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கழுத்தைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். நீ கவலைப்பட்டாய், உன்னை ஆறுதல்படுத்தச் சொன்னேன் என்கிறான். இவனுடைய ஆறுதல் யாருக்கு வேண்டும்? தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் வேறு வழி பார்த்திருப்பேன். மூன்று நாள் பனியில் நின்றிருக்கமாட்டேன். இல்லாத ஒன்றை வருகிறது என்று சொல்லி ஒருத்தனை அசையவிடாமல் நிற்பாட்டி வைக்கிறவன் மனிசனா? தியரிக்கு மன்னிப்பே இல்லை.

தம்பியின் பூசை நல்லபடி முடிந்ததா?

வின்சன்ற்


அடம்பன்
09.03.2025

அண்ணைக்கு,

உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சுகம்.

உங்கள் 12ஆம் திகதிக் கடிதத்தைப் பிரதி எடுத்து இதற்குள் வைத்திருக்கிறேன். கடைசியிலிருந்து இரண்டாவது பந்திக்குக் கீழே சிவப்பால் கோடு போட்டிருக்கிறேன். தியரி என்ற பேரை வெட்டிவிட்டேன். அந்த இடத்தில் என்ன பேர் வரவேண்டும் என்று யோசித்து வாசியுங்கள்.

றஜனி


லா கூர்னெவ்
20.05.2025

அன்பின் மச்சாள் றஜனிக்கு,

நீங்களும் மருமகளும் நலமாக இருக்க அந்தோனியாரை வேண்டிக்கொள்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இவருக்கு என்ன எழுதினீர்கள்? மார்ச் மாதக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. அன்றிலிருந்து அது இவருடைய ஜக்கெற் உட்பையில்தான் இருக்கிறது. எனக்குக் காட்டவில்லை. கழுவப் போட ஜக்கெற்றை எடுத்தாலும் முதல் அதை எடுத்து மற்ற ஜக்கெற்றில் வைக்கிறார். இவரை உங்களுக்குத் தெரியும், எல்லாவற்றுக்கும் சத்தம் போடுகிற மனிசன். இப்போது இரண்டு மாதமாகச் சத்தமே இல்லை. போன கிழமை கடையில் ஒருவர், "பெட்டி எப்ப வருமாம்?" என்று பகிடியாகக் கேட்டதற்கு, கையில் இருந்த பாரை மீனை அப்படியே வைத்துவிட்டு ரயிலேறி வீட்டுக்கு வந்துவிட்டார்.

தியரி அடித்தாலும் எடுப்பதில்லை. நான்தான் எடுக்கிறேன். அவன் எனக்கும் ஒவ்வொரு திகதி சொல்கிறான்.

ஏசுவதென்றால் எனக்கு ஏசுங்கள் மச்சாள். இவருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் எதைப் பற்றிக் கதைக்கிறீர்கள் என்று முப்பது வருடம் இந்த வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது என்பது எனக்குக் கோபமாக இருக்கிறது.

அன்புடன்,
மேரிறோஸ்


லா சப்பல்
15.06.2025

தங்கச்சி,

சுகம் விசாரித்து எழுத எனக்கு வாய் வரவில்லை. நீ சிவப்புக் கோடு போட்ட இடத்தில் என் பேரை எழுதிப் பார்த்தேன். சரியாகப் பொருந்துகிறது.

2009 தை மாதம், திங்கட்கிழமை, நீ சற்றலைற் தொலைபேசிக்கு வரிசையில் நின்று எனக்கு எடுத்தாய். ஆளுக்கு இரண்டு நிமிடம். நீ அழுதாய். அம்மாவால் நடக்க ஏலாது, எல்லோரும் போகிறார்கள், என்ன செய்ய என்று கேட்டாய். உழவு இயந்திரம் வைத்திருந்த கலைமாறனுக்கு நான் முதல் நாளே அடித்திருந்தேன். பெட்டியோடு வந்து உங்களை ஏற்ற முடியுமா என்று கேட்டேன். அவன், "பாப்பம் அண்ணை" என்று சொன்னான். அவ்வளவுதான் சொன்னான். அவனில் பிழை இல்லை. நான் உனக்கு என்ன சொன்னேன் என்றால், "புதன்கிழமை பெட்டி வரும், அசையாமல் நில்லுங்கோ" என்று.

நீ அழுவதை என்னால் கேட்க முடியவில்லை. இரண்டு நிமிடத்துக்குள் அதை நிற்பாட்ட வேண்டும் என்றிருந்தது. நீ அழுகையை நிற்பாட்டினாய். "சரி அண்ணை" என்று சொல்லி வைத்தாய். அன்றிரவு நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன். அதை நினைத்தால்தான் எனக்கு என்னையே அடித்துக் கொல்ல வேண்டும் போல் இருக்கிறது.

பிறகு கலைமாறனின் தொடர்பு இல்லை. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அடித்தேன். உனக்கு அறிவிக்க வழியில்லை. சனிக்கிழமை தம்பி தண்ணீர் எடுக்கப் போன செய்தியை எனக்கு யாரோ ஒருவர் மூன்று கிழமை கழித்துச் சொன்னார்.

கலைமாறன் ஏமாற்றிவிட்டான் என்று மேரிறோசுக்குச் சொன்னேன். எல்லோருக்கும் அப்படித்தான் சொன்னேன். பதினாறு வருடம் சொன்னதில் நானே நம்பிவிட்டேன். ஊருக்கு வந்தால் நீ முகத்துக்கு நேரே கேட்பாய் என்று பயம். அதனால் வரவில்லை. கடவுச்சீட்டும் முதலாளியும் முழங்காலும் பொய்.

கரவான் எதற்கு என்றும் எழுதுகிறேன். லூர்து மாதா என்று மேரிறோசுக்குச் சொன்னேன். உண்மையில், வீட்டுக்குக் கீழே ஒரு பெட்டி கொழுக்கியோடு தயாராக நிற்பதை ஜன்னலால் பார்க்க வேண்டும் போல் இருந்தது. வேறு ஒரு காரணமும் இல்லை.

உன் அண்ணன் என்று எழுதலாமா தெரியவில்லை.

வின்சன்ற்


அடம்பன்
08.07.2025

அண்ணைக்கு,

அண்ணை என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. கூடப் பிறந்ததை வெட்டி எறிய முடியாது.

கலைமாறன் வருகிறேன் என்று சொல்லவே இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். முகாமில் அவரைக் கண்டேன். "பாப்பம் எண்டுதானே தங்கச்சி சொன்னனான்" என்று அந்த மனிசன் என் காலில் விழாத குறை. பதினாறு வருடமாக எனக்குத் தெரியும். நீங்களாகச் சொல்கிறீர்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் தொலைபேசியை விட்டுவிட்டுக் கடிதம் கேட்டேன். தொலைபேசியில் சொன்னதை எடுத்துக் காட்ட முடியாது. எழுதியதைக் காட்டலாம்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமையே போவோம் என்று தம்பி சொன்னான். "அம்மாவை சைக்கிள் கரியரிலை வைச்சு நான் உருட்டுறன், வாங்கோ அக்கா" என்று கெஞ்சினான். சைக்கிளுக்குக் காற்றும் அடித்து வைத்திருந்தான். நான்தான் விடவில்லை. அண்ணை சொன்னால் சொன்னதுதான், புதன்கிழமை பெட்டி வரும் என்றேன். புதன் போனது, வியாழன் போனது. ஒவ்வொரு நாளும் அவன் கேட்டான், ஒவ்வொரு நாளும் நான் உங்கள் வாயால் பதில் சொன்னேன். பக்கத்தில் நின்ற சனம் எல்லாம் போய்விட்டது. சனிக்கிழமை தண்ணீர் முடிந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு போனவனை நான் சரியாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பெட்டி வருகிறதா என்று. செல் விழுந்து வெடித்த சத்தத்துக்குத்தான் திரும்பினேன்.

அன்று பின்னேரமே அம்மாவை அந்தச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு போனேன். என்னால் முடிந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியாதது. முதலே முடிந்திருக்கும்.

உங்களில் கோபம். என்னில் அதைவிடக் கோபம். "தெரியேல்லை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நாங்கள் நடந்திருப்போம். நல்ல செய்தி யார் கேட்டது? நான் வழி கேட்டேன்.

மன்னிப்பு என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் தருவதாக இல்லை. ஆனால் வாருங்கள். எப்போது என்று எழுத வேண்டாம். எந்தக் கிழமை, எந்தத் திகதி, ஒன்றும் வேண்டாம். உங்கள் திகதியை நம்பி இனி ஒரு நாளும் வாசலைப் பார்த்து நிற்கமாட்டேன். வந்து படலையில் நில்லுங்கள், அது போதும்.

றஜனி


அடம்பன்
24.08.2025

அன்பின் மச்சாள் மேரிறோசுக்கு,

உங்கள் முழங்காலுக்காக மடு மாதாவின் எண்ணெய் எடுத்து வைத்திருக்கிறேன். அண்ணையிடம் கொடுத்து விடுகிறேன்.

நீங்கள் அவர் கையில் கொடுத்துவிட்ட கடிதத்தை வாசித்தேன். பெட்டி கடைசியில் ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு திங்கட்கிழமை வந்து நின்றது என்றும், வெளியே பூட்டச் சொன்ன அடுப்பை உள்ளே பூட்டி அனுப்பிவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். சிரித்துவிட்டேன். அலெக்சிஸ் இழுத்துக்கொண்டு லூர்துக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னீர்கள், போய் வந்திருப்பீர்கள். மணத்தோடு படுத்தீர்களா?

அண்ணை 8ஆம் திகதி காலை வந்தார். நாய் குரைத்தது. போய்ப் பார்த்தால் படலைக்கு வெளியே ஒரு வயதான மனிசன், கையில் ஒரு பை. எனக்கு ஆளே பிடிபடவில்லை. முப்பத்திரண்டு வருடம். கட்டிப்பிடிக்கவில்லை மச்சாள், உள்ளதைச் சொல்கிறேன். படலையைத் திறந்துவிட்டுத் தேத்தண்ணீர் போடப் போனேன். அனுஜாதான் கூட்டி வந்து இருத்தினாள். முதல் மூன்று நாளும் சோறு போட்டேன், கதைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்த் தம்பிக்கு மெழுகுதிரி கொளுத்தினார்.

13ஆம் திகதி மடுவுக்குப் புறப்பட்டோம். கோயிலால் உழவு இயந்திரம் ஒழுங்கு செய்திருந்தார்கள். காலை ஆறு மணிக்குச் சந்தியில் முப்பது பேர் நிற்கிறோம். ஏழு ஆயிற்று, எட்டு ஆயிற்று, பெட்டி இல்லை. வெயில் ஏறிவிட்டது. சாரதியின் இலக்கம் அண்ணையிடம் இருந்தது, அவருடைய கைபேசியில்தான் சார்ச் இருந்தபடியால். சனம் முழுக்க அவர் வாயைப் பார்க்கிறது. எடுத்தார். மற்றப் பக்கம் கதைத்தது எனக்கும் கேட்டது. "பாப்பம் அண்ணை" என்றான் அந்தப் பெடியன்.

அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பக்கத்தில் தில்லைநாயகி அக்கா, எழுபத்தெட்டு வயது, வேதக்காரி இல்லை, சைவம் என்றாலும் வருடா வருடம் மடுவுக்கு வருகிறவ, "என்ன தம்பி, பெட்டி வருமாமோ?" என்று கேட்டா. எல்லோரும் ஓம் என்ற பதிலுக்காக நிற்கிறார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தேன்.

"தெரியேல்லை அக்கா," என்றார். "பாப்பம் எண்டுதான் சொல்லுறான். வராமலும் விடும். நடக்கக் கூடிய ஆக்கள் நடவுங்கோ. மெயின் றோட்டுக்குப் போனால் பஸ் வரும்."

சனத்துக்குக் கோபம் வந்துவிட்டது. வெளிநாட்டுக்காரர் வந்து குழப்புகிறார் என்று ஒருவர் முணுமுணுத்தார். பிறகு ஒவ்வொருவராக மூட்டையைத் தூக்கினார்கள். தில்லைநாயகி அக்கா, "நான் என்னெண்டு நடக்கிறது?" என்றா. அண்ணை தேத்தண்ணீர்க் கடைக்காரனிடம் சைக்கிள் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். அவவைக் கரியரில் இருத்தி, ஒரு கையால் ஹாண்டிலையும் மற்றக் கையால் அவவின் முதுகையும் பிடித்துக்கொண்டு உருட்டத் தொடங்கினார். பின் சில்லில் காற்றுப் போதாது. நான் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்து, வழியில் ஒரு வீட்டில் நிறுத்திக் காற்று அடித்தார்.

இரண்டு மைல். நான் பின்னால் நடந்தேன். தம்பி செய்கிறேன் என்று சொன்னதை, அறுபது வயதில் இந்த மனிசன் வேர்த்து வழியச் செய்துகொண்டு போகிறது. எனக்குக் கோபம் போகவில்லை மச்சாள். வீதியில் நடந்துகொண்டே விக்கி விக்கி அழுதேன். கோபத்திலும்தான் அழுதேன். அவர் திரும்பிப் பார்த்தார். அழாதே என்று சொல்லவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டு உருட்டிக்கொண்டு போனார்.

நாங்கள் பஸ்ஸில் ஏறும்வரை அந்த உழவு இயந்திரம் வரவில்லை.

இவர் எப்போது திரும்பி வருவார் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். நேற்றுச் சாப்பிடும்போது கேட்டேன். "தெரியேல்லை" என்றார். நானும் உங்களுக்கு அதையே எழுதுகிறேன்.

உங்கள் மச்சாள்,
றஜனி